வாசாலோப்பெட் பந்தயநாள் வானிலை: பழைய பதிவுகளை எப்படிப் படிப்பது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இது எந்தப் போட்டி?

ஸ்வீடனின் டாலர்னா பகுதியில் ஆண்டுதோறும் நடக்கும் 90 கிலோமீட்டர் ஸ்கீ ஓட்டம், அதாவது காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிப் பனியில் சறுக்கி ஓடுவது. சேலன் அருகே பெர்கா என்ற கிராமத்து வயல்வெளியில் காலை 8 மணிக்குத் தொடங்கி, மூரா நகரத் தேவாலயத்தின் அருகே முடிகிறது. நாள், மார்ச் மாதத்தின் முதல் ஞாயிறு. ஆகவே தேதி 1 முதல் 7-க்குள் எதுவாகவும் இருக்கலாம். நம் கணக்கில் மாசி மாதம். 'மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்ற பழமொழிக்கு அங்கே வேறு கனம்.

1521-ல் டென்மார்க் அரசனின் ஆட்களுக்குத் தப்பி இவ்வழியே சென்ற, பின்னாளில் ஸ்வீடனின் அரசரான குஸ்தாவ் வாசாவின் நினைவாக, ஆண்டர்ஸ் பெர்ஸ் என்ற பத்திரிகைக்காரர் 1922-ல் இதை முன்மொழிந்தார். அதே ஆண்டு மார்ச் 19-ல் முதல் ஓட்டம் நடந்தது. 119 பேர் கிளம்பினார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு மட்டும் 15,000-க்கு மேற்பட்டோர் பதிவு செய்கிறார்கள்.

பதிவுகளில் 'பனி' என்று வந்தால் எதைக் குறிக்கிறது?

தமிழில் பனி என்றால் புல்நுனித் துளியும் பனிதான், மார்கழி மூடுபனியும் பனிதான். இந்தப் பக்கத்தில் மூன்றைப் பிரித்துச் சொல்கிறோம். வானிலிருந்து விழுந்து ஓரிரு நாள் ஆகாதது புதுப்பனி. விழுந்து, உருகி, மறுபடி உறைந்து, கல் உப்பு போல உருண்ட மணிகளானது பழம்பனி. எந்திரத்தில் தயாரித்தது செயற்கைப்பனி. இதன் மணிகள் முதலிலிருந்தே உருண்டையாகவும் இறுக்கமாகவும் இருக்கும். காற்றின் வெப்பநிலை ஒன்றாகவே இருந்தாலும் இந்த மூன்றின் மேலும் ஸ்கீ ஓடும் விதம் வேறு. இந்தப் பிரிவு இல்லாத வானிலைப் பட்டியல் ஓடுபவருக்குப் பாதிதான் பயன்படும்.

பந்தயநாளில் பொதுவாக எவ்வளவு குளிர் இருக்கும்?

இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாக எதிர்பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது. மார்ச் மாதச் சராசரி பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஆனால் அந்தச் சராசரி இரண்டு எதிரெதிர் நிலைகளின் நடுப்புள்ளி. மேற்கிலிருந்து மிதமான காற்று வந்தால் காலையிலேயே பூஜ்யத்துக்கு மேல் போய்விடும். வானம் தெளிந்து காற்று அடங்கினால் விடியற்காலையில் மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கும். அதே நாள் மதியம் வெயிலில் பூஜ்யத்தைத் தொடும். நீங்கள் சந்திக்கப்போவது இவற்றில் ஏதோ ஒன்றைத்தான். அவற்றின் சராசரியைச் சந்திக்கப்போவதில்லை.

பழைய ஆண்டுகளைப் பார்க்கும்போது கேட்கவேண்டியவை மூன்று. ஓட்டத்தின்போது வெப்பநிலை பூஜ்யத்தைக் கடந்ததா, கடந்தது எத்தனை மணிக்கு? அன்றோ முந்தைய இரவோ ஏதாவது விழுந்ததா? அதற்கு முந்தைய மூன்று நாட்கள் எப்படி? மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தடத்தைச் செய்வது முந்தைய வாரம். பந்தயநாள் அதைக் கொஞ்சம் மாற்றும், அவ்வளவே.

தொடக்கத்தில் ஒரு குளிர், மூராவில் வேறு குளிர் என்கிறார்களே, ஏன்?

பெர்கா வயல் சுமார் 350 மீட்டர் உயரத்தில், வேஸ்டர்டால் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. முதல் மூன்று கிலோமீட்டரில் தடம் 500 மீட்டரைத் தாண்டி ஏறுகிறது. அங்கிருந்து காட்டையும் சதுப்புநிலங்களையும் கடந்து, சில்யான் ஏரிக்கரையில் சுமார் 170 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூராவுக்கு இறங்குகிறது.

மேகம் மூடி, காற்று வீசும் நாளில் கணக்கு எளிது. 100 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 0.65 டிகிரி கூடும். உச்சிக்கும் மூராவுக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். மேலே மைனஸ் 1 என்றால் மூராவில் பூஜ்யத்துக்கு மேல். மேலே உலர்ந்த பனி, கீழே ஈரப்பனி.

தெளிந்த, காற்றில்லாத இரவுக்குப் பின் இந்தக் கணக்கு தலைகீழ். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலப் பள்ளத்துக்கு வடியும். பெர்கா வயலில் மைனஸ் 18 இருக்கும்போது, 170 மீட்டர் மேலே ஏறினால் மைனஸ் 11 இருப்பது சாதாரணம். தொடக்கக் கோட்டில் வெடவெடத்தவர் ஏற்றத்தின் உச்சியில் வியர்த்து நிற்பார். ஏற்றத்தில் பின்னால் வழுக்காமலிருக்க, பனியின் குளிருக்கு ஏற்ற மெழுகை ஸ்கீயின் அடியில் பூசுவார்கள்; வயலின் குளிருக்கு ஏற்ற மெழுகைப் பூசியவருக்கு உச்சிக்குப் பின் பிடிமானம் போய்விடும். வெப்பமானி எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லாத பழைய பதிவுகளை நம்பக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

நேரமும் இடமும் சேர்ந்து மாறுவதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

உங்கள் வேகத்துக்கு ஒரு வரிசை எழுதிக்கொள்ளுங்கள். இடைநிலையங்களின் தொலைவு: ஸ்மோகன் 11, மோங்ஸ்பூடார்னா 24, ரீஸ்பெரி 35, எவெர்ட்ஸ்பெரி 47, ஓக்ஸ்பெரி 62, ஹோக்பெரி 71, எல்ட்ரிஸ் 81, மூரா 90. ஒன்பது மணி நேரத்தில் முடிப்பவர் சீராகப் போனால் எவெர்ட்ஸ்பெரியை 12:42-க்கும் மூராவை மாலை 5 மணிக்கும் அடைவார். பின்வரிசையில் நிற்பவர் முதல் ஏற்றத்து நெரிசலுக்கே ஒரு மணி நேரம் வரை ஒதுக்கவேண்டும்.

முன்னணியில் ஓடுபவர் மதியத்துக்குள் மூரா வந்துவிடுவார். அவருக்குத் தேவை மூராவின் நண்பகல் வெப்பநிலை. பத்து, பதினொரு மணி நேரம் எடுப்பவருக்குத் தேவை அங்கே மாலை ஆறு, ஏழு மணி வெப்பநிலை. மார்ச் தொடக்கத்தில் சூரியன் காலை ஏழுக்குச் சற்று முன் எழுந்து, மாலை ஐந்தரை மணியளவில் மறைகிறது. மறைந்த பின் தெளிந்த வானத்தின் கீழ் வெப்பநிலை வேகமாகச் சரியும். மதியம் கூழாக இருந்த தடம் கண்ணாடியாகும். நனைந்த கையுறை விறைக்கும். 'அன்று அதிகபட்சம் பிளஸ் 3' என்ற பதிவு இவருக்கு எதையும் சொல்வதில்லை.

வானிலையால் எத்தனை முறை ரத்தானது?

மூன்று முறை: 1932, 1934, 1990. மூன்றுக்கும் காரணம் குளிரோ புயலோ இல்லை, பனிப் பற்றாக்குறை. 1930-களில் வானம் கொடுத்தால்தான் ஓட்டம். 1989–90 குளிர்காலம் ஸ்வீடன் முழுவதும் விதிவிலக்காக மிதமாக இருந்தது. அதன் பிறகு செயற்கைப்பனி தயாரிப்பிலும் சேமிப்பிலும் அமைப்பாளர்கள் இறங்கினார்கள். 1990-க்குப் பின் பனியில்லாமல் ஓட்டம் நின்றதே இல்லை.

இதிலிருந்து 'இப்போதெல்லாம் பனி நன்றாக விழுகிறது' என்று முடிவுகட்டக் கூடாது. ரத்து எண்ணிக்கை வானிலையை மட்டும் காட்டவில்லை, குழாயும் மோட்டாரும் லாரியும் எவ்வளவு வேலை செய்தன என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. நீண்ட காலப் பதிவில் 1990-க்கு முன்னும் பின்னும் ஒரு கோடு கிழித்துவிட்டுப் படிப்பதே சரி.

90 கிலோமீட்டருக்குச் செயற்கைப்பனி போடமுடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் கனம், 90 கிலோமீட்டர் நீளம்: 1,35,000 கனமீட்டர். ஒரு பனி எந்திரம் மணிக்கு 40 கனமீட்டர் தந்தால் 3,375 மணி நேரம். 20 எந்திரங்கள் இடைவிடாது ஓடினால் ஏழு நாள். ஒரு கனமீட்டர் செயற்கைப்பனிக்கு அரை கனமீட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் வேண்டும். மொத்தம் 60,000 கனமீட்டருக்கு மேல். 15 கனமீட்டர் லாரியில் ஏற்றினால் 9,000 நடை. முழு நீளத்துக்கும் இதைச் செய்வது நடைமுறையில் இயலாது. எனவே மெலிந்த இடங்களுக்குத்தான் போகும்: வயல்வெளி, சாலைக் குறுக்கீடு, தெற்கு வெயில் விழும் சரிவு, இறக்கத்து வளைவு.

எந்திரம் ஓட எவ்வளவு குளிர் வேண்டும் என்பதில் ஒரு நுணுக்கம். பார்க்கவேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. அது மைனஸ் 2.5 அளவுக்கு இறங்கினால்தான் ஓரளவு பனி கிடைக்கும். காற்று 0 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் ஏறத்தாழ மைனஸ் 3, எந்திரம் ஓடும். அதே 0 டிகிரியில் மூடுபனி இருந்தால் ஈரக்குமிழும் 0. வெறும் தண்ணீர்தான் தெறிக்கும். பழைய பதிவுகளில் ஈரப்பதப் பத்தியை ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பனி ஆழம் போதுமானதாக இருந்தும் தடம் மோசமாக இருந்ததாகச் சொல்கிறார்களே?

தடத்தின் கணிசமான பகுதி சதுப்புநிலத்தின் மேல் போகிறது. சதுப்பு உறைய, பனி விழுவதற்கு முன் நல்ல வெறுங்குளிர் வேண்டும். நவம்பரிலேயே கனமாகப் பனி விழுந்துவிட்டால் அது கம்பளிபோல் மூடிக்கொள்ளும். கீழே சேறு உறையாது. அளவுகோலில் ஆழம் நன்றாகத் தெரியும், ஆனால் தடம் போடும் கனரக வண்டி உள்ளே இறங்கிவிடும், பழுப்புத் தண்ணீர் மேலே கசியும். ஆகவே பிப்ரவரிப் பனி ஆழத்தை மட்டும் எடுக்காமல், நவம்பர், டிசம்பரில் குளிர் முந்தியதா பனி முந்தியதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது காரணம், புதுப்பனியின் ஆழம் ஏமாற்றும். புதுப்பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. அழுத்திய தடம் 400 கிலோவுக்கு மேல். 10 சென்டிமீட்டர் விழுந்தால் அழுத்திய பின் மிஞ்சுவது ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்.

மூன்றாவது, நேரம். மழை பெய்து தடம் ஈரமாக இருக்கும்போதே அதைச் சீவி அழுத்தி, உறைவதற்குப் பல மணி நேரம் விடவேண்டும். முழுக்க உறைந்த பின் சீவினால் சர்க்கரை மணிகள்போல் உதிரும், கையில் ஊன்றும் கோல் நிற்காது. தொடக்கத்துக்குச் சற்று முன் சீவினால் முதல் ஆயிரம் பேரிலேயே தடத்தின் விளிம்பு இடிந்துவிடும்.

வென்றவரின் நேரத்தை வைத்து அன்றைய நிலையை ஊகிக்கலாமா?

ஊகிக்கலாம், எச்சரிக்கையோடு. 1922-ல் எர்ன்ஸ்ட் ஆல்ம் 7 மணி 32 நிமிடம் 49 விநாடி எடுத்தார்; மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 1998-ல் பீட்டர் யோரான்சன் 3:38:57. அதை 2012-ல் யோர்கன் பிரிங்க் 3:38:41-ஆகக் குறைத்தார். 2021-ல் டூர்ட் ஆஸ்லே யெர்டாலன் 3:28:18. மணிக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர்.

இந்த எண்களில் வானிலையோடு நான்கு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, கருவி: மரப் பலகையிலிருந்து செயற்கை இழைக்கு மாறியது. இரண்டு, தடம்: ஆட்கள் மிதித்த ஒற்றைத்தடம் போய் எந்திரம் அழுத்திய பல தடங்கள் வந்தன. மூன்று, முறை: இன்று முன்னணி ஆட்கள் பிடிமான மெழுகே பூசாமல் இரு கைக்கோலையும் ஒருசேர ஊன்றித் தள்ளியே 90 கிலோமீட்டரையும் கடக்கிறார்கள். நான்கு, கூட்டம்: 2021-ல் கொரோனா காரணமாக முன்னணி வீரர்கள் மட்டுமே ஓடினார்கள்.

பயனுள்ள வழி, அடுத்தடுத்த சில ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுவது. ஐந்தாறு ஆண்டுக்குள் கருவியும் முறையும் பெரிதாக மாறாது. அதற்குள் ஓர் ஆண்டு முன்னணி நேரம் அரை மணி நேரத்துக்கு மேல் நீண்டிருந்தால், புதுப்பனியோ ஈரமோ இருந்தது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். நேரம் சட்டென்று குறைந்திருந்தால், உருகி உறைந்த கெட்டித் தடம். முன்னணியோடு, முடித்தவர்களின் நடுவரிசை நேரத்தையும் பாருங்கள்: முன்னணி வேகமாகவும் நடுவரிசை மெதுவாகவும் இருந்தால் காலையில் கெட்டியாக இருந்த தடம் மதியம் இளகியிருக்கிறது.

எந்த வெப்பநிலையில் ஸ்கீ நன்றாக ஓடும்?

பனியின் வெப்பநிலை மைனஸ் 1 முதல் மைனஸ் 4 வரை இருக்கும்போது உராய்வு மிகக் குறைவு. மைனஸ் 15-க்குக் கீழே பனிமணிகள் கூராகவும் உலர்ந்தும் இருக்கும். மணல்மேல் இழுப்பதுபோல் இருக்கும். 0 டிகிரியில் தண்ணீர் அதிகமானால் ஸ்கீயின் அடிப்பாகம் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

காற்றின் வெப்பநிலையும் பனியின் வெப்பநிலையும் ஒன்றில்லை. காற்று பிளஸ் 5 ஆனாலும் பனி 0-வுக்கு மேல் போகாது. தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு காற்றைவிட ஐந்து டிகிரிக்கும் கூடுதலாகக் குளிர்ந்திருக்கலாம். அளக்கும்போது நிழலில், மேற்பரப்புக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே வெப்பமானியை நுழைத்து, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். வெயிலில் பிடித்த வெப்பமானி தன் உலோகத்தின் சூட்டைத்தான் சொல்லும்.

பழைய பதிவுகளை வைத்து மெழுகை முன்கூட்டியே தீர்மானிக்கலாமா?

தீர்மானிக்க முடியாது, பையில் என்ன இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கலாம். மார்ச் முதல் வாரத்தின் வீச்சு அகலம் என்பதால் ஐந்து பொருட்கள் வேண்டும்.

கடுங்குளிர்ப் புதுப்பனிக்குப் பச்சை மெழுகு; மைனஸ் 2 முதல் மைனஸ் 8 வரை நீலம்; பூஜ்யத்தை ஒட்டி ஊதா. உருகி உறைந்த கெட்டித் தடத்துக்கு நீல கிளிஸ்டர், அதாவது குழாயில் வரும் பசை. ஈரமான பழம்பனிக்குச் சிவப்பு அல்லது பொதுவகை கிளிஸ்டர். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு மெல்லிய அடிமெழுகை இஸ்திரிப்பெட்டி வைத்து உருக்கி ஏற்றவேண்டும். அது இல்லாவிட்டால் செயற்கைப்பனியின் முரட்டு மணிகள் எவெர்ட்ஸ்பெரி வருவதற்குள் மெழுகைச் சுரண்டித் தின்றுவிடும். நான்கு முதல் ஆறு மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றையும் தக்கையால் தேய்த்து. ஒரே கனப் பூச்சு பனியைப் பிடித்துக்கொண்டு கட்டியாகும்.

காலையில் கெட்டித் தடம், மதியம் புதுப்பனி விழும் என்றால், மெல்லிய கிளிஸ்டரைப் பூசிக் குளிரவிட்டு, அதன்மேல் பச்சை, நீலம் போன்ற கடின மெழுகால் மூடுவது வழக்கம். மிக மோசமான நிலை 0 டிகிரியில் விழும் புதுப்பனி: ஒரு கிலோமீட்டர் வழுக்கும், அடுத்த கிலோமீட்டர் காலடியில் பனி கட்டிநிற்கும். அப்படிப்பட்ட நாளில் முன்வரிசை லட்சியம் இல்லாதவர்களுக்கு எங்கள் ஒரே யோசனை, அடியில் மயிர்ப்பட்டை பதித்த ஸ்கீ. சற்று மெதுவாக ஓடும், ஆனால் ஏமாற்றாது. ஃப்ளோரின் கலந்த மெழுகு பற்றிய பழைய குறிப்புகளைக் கடந்துபோங்கள்; 2023–24 பருவத்திலிருந்து சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு அதை முழுமையாகத் தடைசெய்துவிட்டது.

காற்று எவ்வளவு முக்கியம்?

மற்ற சில போட்டிகளோடு ஒப்பிட்டால் குறைவு. பெரும்பகுதி காட்டுக்குள் போகிறது. திறந்த சதுப்புகளில்தான் காற்று உறைக்கும். தடத்தின் திசை கிழக்கு-தென்கிழக்கு. மேற்கு, வடமேற்குக் காற்று முதுகில் தள்ளும். கிழக்குக் காற்று முகத்தில் அறையும். மேற்குக் காற்று நார்வே மலைகளைத் தாண்டி வருவதால் ஈரத்தின் பெரும்பங்கை அங்கேயே இறக்கிவிட்டு, மிதமாகவும் உலர்ந்தும் வரும்.

குளிர் உணர்வில் உங்கள் வேகமும் ஒரு காற்றுதான். மைனஸ் 15-ல், காற்றே இல்லாத நாளில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் முகத்தோலுக்கு அது மைனஸ் 25. கன்னம், மூக்கு நுனி, காது, விரல் ஆகியவைதான் முதலில் வெளுக்கும். வெளுத்தால் தேய்க்காதீர்கள், வெறும் உள்ளங்கையால் மூடிச் சூடேற்றுங்கள். முன்பக்கம் காற்றுத்தடுப்புத் துணி வைத்த உள்ளாடை ஆண்களுக்கு அவசியம் என்பதை அனுபவசாலிகள் கூச்சப்படாமல் சொல்வார்கள்.

அதிகக் குளிரால் நிறுத்துவார்களா?

சர்வதேச விதிப்படி நடக்கும் ஸ்கீ ஓட்டங்களில், தடத்தின் மிகக் குளிர்ந்த இடத்தில் மைனஸ் 20-க்குக் கீழே இறங்கினால் தள்ளிவைக்கவோ ரத்து செய்யவோ வேண்டும். 'மிகக் குளிர்ந்த இடம்' என்பதைக் கவனியுங்கள். இந்தத் தடத்தில் அது பெரும்பாலும் உச்சி இல்லை, பள்ளத்தாக்கின் அடிதான்.

பழைய ஆண்டுகளின் பட்டியலை நாமே எப்படித் தயாரிப்பது?

ஸ்வீடனின் அரசு வானிலை, நீரியல் நிறுவனமான எஸ்.எம்.எச்.ஐ. தன் நிலையங்களின் பதிவுகளை இலவசமாகத் தருகிறது. மூராவுக்கு அருகில் ஒன்று, சேலன் பக்கம் ஒன்று என இரண்டு நிலையங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடந்த 20 அல்லது 30 ஆண்டுகளின் பந்தயத் தேதிகளை எழுதுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் மணிவாரி வெப்பநிலை, ஈரப்பதம், மழை-பனி அளவு, காற்று ஆகியவற்றை எடுங்கள். இங்கேதான் முதல் தவறு நடக்கும்: பதிவுகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மார்ச் தொடக்கத்தில் ஸ்வீடன் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால். எனவே காலை 8 மணித் தொடக்கம் பதிவில் 07 மணி. பனி ஆழம் நாளுக்கு ஒருமுறை காலையில் மட்டும் அளக்கப்படுகிறது. பகலில் விழுந்த பனி மறுநாள் வரிசையில்தான் தெரியும்.

இருபது ஆண்டு என்பது இருபது நாள். அதை வைத்து 'பத்தில் மூன்று' என்று சொல்வது துணிச்சல். பந்தய ஞாயிறுக்கு முன் ஐந்து நாள், பின் ஐந்து நாள் சேர்த்தால் ஆண்டுக்கு 11 நாள், இருபது ஆண்டுக்கு 220 நாள். இவை ஒன்றையொன்று சாராதவை இல்லை, அடுத்தடுத்த நாட்கள் ஒரே சாயலில் இருக்கும். ஆனாலும் வீச்சு தெளிவாகத் தெரியும்.

பிறகு ஒவ்வொரு நாளையும் ஒரு வகையில் போடுங்கள்: நாள் முழுவதும் மைனஸ் 10-க்குக் கீழ், மைனஸ் 10-க்கும் மைனஸ் 2-க்கும் இடையே, காலையில் உறைந்து மதியம் பூஜ்யம் கடந்தது, நாள் முழுவதும் பூஜ்யத்தை ஒட்டி மேகமூட்டம், முழுக்க பூஜ்யத்துக்கு மேல். கூடவே இரண்டு குறி: 24 மணி நேரத்துக்குள் புதுப்பனி உண்டா, 72 மணி நேரத்துக்குள் பூஜ்யம் கடந்ததா. இந்தப் பட்டியல் எந்தச் சராசரியைவிடவும் பேசும்.

நிலையமே இல்லாத பழைய காலத்துக்கு?

ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையத்தின் இ.ஆர்.ஏ.5 மறுபகுப்பாய்வு, அதாவது பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியில் இட்டு மீட்டெடுத்த வானிலைப் பதிவு, 1940 முதல் மணிவாரியாகக் கிடைக்கிறது. அதன் கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 90 கிலோமீட்டர் தடத்துக்கு மூன்று கட்டம்! காற்று எந்தத் திசை, மிதமான வாரமா குளிர் வாரமா என்பதற்கு நம்பலாம். பெர்கா வயலில் தேங்கும் குளிர் அதற்குத் தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட காலைகளில் பல டிகிரி கூடுதலாகச் சொல்லும். நிலையப் பதிவு இருக்கும் ஆண்டுகளில் இரண்டையும் ஒப்பிட்டு, தெளிந்த காலைக்குத் தனித் திருத்தமும் மேகமூட்டக் காலைக்குத் தனித் திருத்தமும் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவநிலை மாற்றம் தெரிகிறதா?

தெரிகிறது. 1961–1990 சராசரியோடு 1991–2020 சராசரியை ஒப்பிட்டால் ஸ்வீடனின் ஆண்டு வெப்பநிலை ஒரு டிகிரிக்கும் சற்று மேல் உயர்ந்திருக்கிறது. ஒரு டிகிரி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பூஜ்யத்தின் விளிம்பில் நிற்கும் மாதத்தில் ஒரு டிகிரி என்பது பனிக்கும் மழைக்கும் உள்ள வித்தியாசம். இப்போது வரும் ஆண்டை மதிப்பிட 1950-களின் நாட்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் குளிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். கடைசி இருபது ஆண்டு போதும். எச்சரிக்கை: கடுங்குளிர்க் காலைகள் குறைந்திருக்கின்றன, ஒழிந்துவிடவில்லை. பச்சை மெழுகைத் தூக்கிப் போடாதீர்கள்.

மற்றப் பெரிய போட்டிகளின் வானிலை வரலாறும் இப்படித்தானா?

இல்லை, ஒவ்வொன்றுக்கும் எதிரி வேறு. நார்வேயின் பிர்கெபெய்னர் ஓட்டம், ரேனாவிலிருந்து லில்லெஹாமருக்கு 54 கிலோமீட்டர், மரமில்லாத மேட்டுநிலத்தின் மேல் போகிறது. அங்கே எதிரி காற்று. 2014-ல் பலத்த காற்றால் ரத்தானது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் கேபிளிலிருந்து ஹேவர்டுக்கு ஓடும் அமெரிக்கன் பிர்கெபெய்னர் 2000-லும் 2017-லும் வெப்பத்தாலும் மழையாலும் ரத்தானது. 2024-ல் செயற்கைப்பனியில் 10 கிலோமீட்டர் வட்டத்தில் நடத்தினார்கள். அங்கே கடலின் தாக்கம் இல்லை. ஒரு வாரத்துக்குள் கடுங்குளிரிலிருந்து மழைக்குத் தாவும். அதன் பழைய பதிவுகள் ஃபாரன்ஹீட்டில் இருக்கும்: 32-ஐக் கழித்து 1.8-ஆல் வகுக்கவேண்டும். '20 டிகிரி' என்று பார்த்து மலைக்கவேண்டாம், அது மைனஸ் 7 தான்.

பழைய பதிவை விட்டு முன்னறிவிப்புக்கு எப்போது மாறவேண்டும்?

பத்து நாளுக்கு முன்பு வரை உங்கள் பட்டியலே சிறந்த வழிகாட்டி. பத்திலிருந்து ஐந்து நாளுக்குள் முன்னறிவிப்பில் பார்க்கவேண்டியது மிதமான காற்றா குளிர்க் காற்றா என்பது மட்டும்; மணிவாரி எண்களைப் பார்த்து மெழுகு வாங்கப் போகாதீர்கள். ஐந்து நாளுக்குள் பூஜ்யத்தின் எந்தப் பக்கம் என்பது ஓரளவு தெளியும். இரண்டு நாளில் பனி விழுமா என்பதும் எத்தனை மணிக்கு என்பதும் தெரியும்.

முந்தைய வாரத்தில் அதே தடத்தில் திறந்த தட ஓட்டம், 30 கிலோமீட்டர் பெண்கள் ஓட்டம் எனப் பல நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அவற்றில் ஓடியவர்கள் எந்த மெழுகு எந்த இடம்வரை நின்றது என்று சொல்வது, எந்த முன்னறிவிப்பும் தராத தகவல். சனிக்கிழமை மாலை தடம் போடும் வண்டி எத்தனை மணிக்குப் போகிறது என்று விசாரியுங்கள். ஞாயிறு காலை பெர்காவில் பனியின் வெப்பநிலையை நீங்களே அளந்து, வானம் தெளிவாக இருந்தால் உச்சிக்கு ஐந்தாறு டிகிரி கூட்டி, அதற்கு ஏற்ற மெழுகைப் பூசுங்கள். முதல் ஏற்றத்தில் ஸ்கீ கொஞ்சம் பிடித்து இழுத்தாலும் பரவாயில்லை. அந்த நெரிசலில் யாரும் வேகமாகப் போகப்போவதில்லை.